‘செல்வன்’ எங்கே?

‘பொன்னியின் செல்வன்’ படிக்க வேண்டும் என்று நூலகத்துக்குப் போகிறீர்கள். கார்டு அடுக்கிய மரப்பெட்டியைக் காணோம். மூலையில் ஒரு கம்ப்யூட்டர். செல்வனுக்கு ‘எஸ்’ போட்டுத் தட்டுகிறீர்கள். ‘இல்லை’ என்கிறது!

புத்தகம் பின்னால் அலமாரியில்தான் இருக்கிறது. பட்டியலில் ‘சி’ போட்டு ஏற்றி இருக்கிறார்கள்!

தமிழ்ப் புத்தகத்தின் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் பதிகிற நூலகங்களில் நடக்கும் கூத்து இது. அமெரிக்க நூலகங்களின் விதிப்படி செல்வனுக்கு ‘சி’தான். நம்ம ‘ழ’வுக்கு அடிக்கோடு போட்ட ‘எல்’! தமிழ் எழுத்தே அறியாத ஊரில் அது வேண்டியதுதான். மயிலாப்பூர் குமாஸ்தாவுக்கு எதற்கு? சில இடங்களில் அந்த விதியும் கிடையாது. ஏற்றியவர் கைக்கு வந்ததுதான் ஸ்பெல்லிங். ஒரே எழுத்தாளர் நாலு பேராகி விடுகிறார்!

கம்ப்யூட்டருக்குத் தமிழ் வராது என்று இனி யாரும் கதை விட முடியாது. 1999-லேயே ‘தமிழ் 99’ விசைப்பலகையை அரசு ஏற்றுக்கொண்டது. நூலகங்களுக்கென்றே வந்த ‘கோஹா’ சாப்ட்வேரில் தமிழ் எழுத்திலேயே பதியலாம், தேடலாம். அதற்கு விலையும் கிடையாது.

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோமே, சும்மாவா? பட்டியலைத் தமிழில் ஏற்றுங்கள். விசைகளின் மேல் தமிழ் எழுத்தை ஒட்டுங்கள். அந்த வேலை முடிகிற வரைக்கும், கம்ப்யூட்டர் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள்.