இடம் இல்லை என்று சொன்ன கேமரா

போன வருஷம் நானும் ஒரு நண்பனும் பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் பண்ண ஒரு மரச்சட்டம் அடித்தோம். தொட்டால் உதிரும் தாள்கள். ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து அமுக்க மனசு வரவில்லை. அதனால் இதழைப் பாதி திறந்து வைத்து, இடது பக்கத்துக்கு ஒரு வெப்கேம், வலது பக்கத்துக்கு இன்னொன்று. இரண்டும் ஒரே மாடல், ரொம்பப் பழசு. முதல் கேமராவில் படம் வந்தது. இரண்டாவதை ஆன் செய்ததும் லினக்ஸ் சொன்னது: சாதனத்தில் இடம் மிச்சமில்லை.

ஹார்ட் டிஸ்கில் 200 ஜிபி காலியாக இருந்தது.

ஆபீஸில் கேட்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் மென்பொருள் எழுதியவர்கள், என்னைவிடக் கெட்டிக்காரர்கள். "புது கேமரா வாங்கிடு ப்ரோ, டிரைவர் பிரச்சினையெல்லாம் நமக்கெதுக்கு?" இந்த "நமக்கெதுக்கு" மீதுதான் என் கோபம். அதில் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை, ஒரு சாதிப் படிநிலை மாதிரியான பணிவும் இருக்கிறது. கீழே இருக்கும் இயந்திரத்தை யாரோ, எங்கோ, மேதைகள் எழுதுவார்கள். நாம் அவர்கள் கொடுத்ததன்மேல் பட்டன் வைப்போம். இதை வேலைப் பிரிவினை என்று சொல்லிக்கொள்கிறோம்.

(அம்மாவிடம் "டிரைவர் வேலை கத்துக்கிறேன்" என்றபோது "லைசென்ஸ் எடுத்துட்டியா?" என்று கேட்டாள். லினக்ஸிலும் அதேதான். மாட்யூல் தன் லைசென்ஸ் என்னவென்று அறிவிக்காவிட்டால் கெர்னல் தன்னையே கறைபட்டதாகக் குறித்துக்கொள்ளும்.)

கெர்னலின் மூலநிரலில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான். எல்லாம் திறந்து கிடக்கிறது. வெப்கேம்களுக்கான யூவிசி டிரைவரைத் திறந்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் நாள் "இடம்" என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று பிடிபட்டது.

யூஎஸ்பி 2.0 ஒரு வினாடியை 8000 துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் சுமார் 7500 பைட் போகலாம். அதில் 80 சதவீதம், அதாவது 6000 பைட்தான், கேமரா மாதிரி நேரம் தவறக்கூடாத சாதனங்களுக்கு முன்பதிவு செய்யக் கிடைக்கும். என் கேமரா ஒவ்வொன்றும் அதிகபட்சமான 3072 பைட்டைக் கேட்டது. இரண்டுக்கும் சேர்த்து 6144. பஸ்ஸில் இடம் இல்லை! டிஸ்க் நிறைந்தால் வரும் அதே பழைய யூனிக்ஸ் பிழை எண்ணைத்தான் இங்கேயும் திருப்பி அனுப்புகிறார்கள். அதனால்தான் அந்த அபத்தமான வாக்கியம்.

ஆனால் கேமராவுக்கு அவ்வளவு தேவையா? 1600க்கு 1200 படம், ஒரு புள்ளிக்கு 2 பைட், வினாடிக்கு 5 படம். (அமுக்கிய படத்தில் பொடி எழுத்து கரைகிறது, அதனால் அமுக்காத படம்தான் வேண்டும்.) பெருக்கி 8000ஆல் வகுத்தால் 2400 பைட். கல்யாண வீட்டில் நாலு பேருக்கு ஆறு நாற்காலி பிடித்து வைக்கும் சித்தப்பா மாதிரி, கேமரா பொய் சொல்கிறது. இப்படிப் பொய் சொல்லும் கேமராக்களுக்காகவே யாரோ அந்த டிரைவரில் ஒரு திருத்தம் எழுதி வைத்திருக்கிறார்கள்: கேமரா கேட்பதை நம்பாதே, நீயே கணக்குப் போடு. மாட்யூலை ஏற்றும்போது 128 என்ற எண்ணைக் கொடுத்தால் அது வேலை செய்யும். கொடுத்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாகத் திரையில் வந்தன.

ஒரு எண். இதற்காக நல்ல நிலையில் இருந்த இரண்டு கேமராவைக் குப்பையில் போடச் சொன்னார்கள்.

இன்ஜினியரிங் கல்லூரியில் நாங்களும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் படித்தோம். செமஃபோர் பற்றிப் பதினாறு மார்க் கேள்வி எழுதினேன். எந்தப் பூட்டையும் நான் போட்டதில்லை. ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக்கூடாது என்பது எனக்கு மனப்பாட வரி. அப்படித் தூங்கி, மெஷின் உறைந்து, பவர் பட்டனை அழுத்திப் பிடித்த பிறகுதான் அது அறிவானது. நாலு வருஷம் பாடம் நடத்தி, பிள்ளைகளுக்கு ஒரு மெஷினைக்கூட உறைய வைக்கும் வாய்ப்புத் தராத படிப்பு என்ன படிப்பு?

மறுபக்கத்தையும் திட்டாமல் விடக்கூடாது. கற்றுக்கொடுக்கிறோம் என்று வருகிறவர்கள் ஒரு "ஹலோ வேர்ல்ட்" மாட்யூலை ஏற்றிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் சாதனமே கிடையாது! எல்லோரும் கைகாட்டும் கார்பெட், ரூபினி, க்ரோவா-ஹார்ட்மன் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு 2005இல் வந்தது, 2.6.10 கெர்னலுக்கானது. கெர்னலின் உள் இடைமுகங்கள் மாறிக்கொண்டே இருக்கும், அதுவே அவர்கள் கொள்கை. புத்தகத்தின் கருத்துகள் நிற்கின்றன. நிரலை அப்படியே அடித்தால் பல இடங்களில் கம்பைல் ஆகாது. இதை முதலிலேயே சொல்லாமல், அது ஓடாதபோது தன்னை முட்டாள் என்று நினைத்து ஓடிப்போனவர்கள் எத்தனை பேர்! அந்த உலகத்தின் வாய்த்துடுக்கும் பேர்போனது. டோர்வால்ட்ஸே 2018இல் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார்.

கையில் சாதனம் இல்லையென்றால் க்யூஈஎம்யூ எமுலேட்டரில் "எடு" என்று ஒரு போலி பிசிஐ கார்டு இருக்கிறது. பாடம் கற்பதற்கென்றே செய்தது. ஒரு எண்ணைக் கொடுத்தால் ஃபேக்டோரியல் போட்டுத் தரும், இன்டரப்ட் அனுப்பும். உறைந்தாலும் உங்கள் லேப்டாப் தப்பிக்கும். ஆனால் என்னைக் கேட்டால், வீட்டு அலமாரியில் ஓடாமல் கிடக்கும் ஏதாவது ஒன்றில் ஆரம்பியுங்கள். கோபம் இருந்தால்தான் மூன்றாம் நாள் வரை தாங்க முடியும்.

"இதையெல்லாம் இனி ஏஐ எழுதிடும்டா" என்கிறான் நண்பன். எழுதட்டும். நானும் கேட்டுப் பார்த்தேன். அழகான நிரல் வந்தது, கம்பைலும் ஆனது. பூட்டைப் பிடித்தபடியே, தூங்கக்கூடிய விதத்தில் மெமரி கேட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க, முன்பே ஒருமுறை மெஷினை உறைய வைத்த ஆள் தேவைப்பட்டது.

இப்போது வாரக் கடைசியில் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து நண்பன் பக்கம் புரட்டுகிறான், நான் என்டர் தட்டுகிறேன். மூன்றாவது கேமரா ஒன்று வாங்கி அட்டைக்கு மேலே வைக்கலாமா என்று கேட்கிறான். 2400ஐ மூன்றால் பெருக்கிப் பாருடா என்றேன்.