கனவைப் பார்த்துச் சிரிக்கலாமா?

நகைச்சுவைப் படத்தைப் பார்த்தோமா, சிரித்தோமா, மறந்தோமா என்று இருந்துவிடலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். ‘காக்கா முட்டை’ அந்த எண்ணத்தை மாற்றிவிடும். எம். மணிகண்டன் இயக்கிய இத்தமிழ்த் திரைப்படம் 2014ஆம் ஆண்டு டொரொண்டோ அனைத்துலகத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 2015இல் திரையரங்குகளுக்கு வந்தது. சிறந்த சிறுவர் படத்திற்கான இந்திய தேசிய விருதையும் பெற்றது.

சென்னையின் குடிசைப் பகுதி ஒன்றில் வாழும் அண்ணனும் தம்பியுமே கதையின் நாயகர்கள். காக்கையின் கூட்டிலிருந்து முட்டை எடுத்துக் குடிப்பதால் பெரிய காக்கா முட்டை, சின்னக் காக்கா முட்டை என்று அவர்கள் அழைக்கப்படுகின்றனர். அவர்கள் விளையாடிய இடத்தில் ஒரு பீட்சா கடை எழுகிறது. அன்று முதல் பீட்சாவைச் சுவைத்துப் பார்ப்பதே அவர்களின் கனவாகிறது. விலையோ ஏறக்குறைய 300 ரூபாய். தண்டவாளத்தின் ஓரம் சிந்திக் கிடக்கும் கரியைப் பொறுக்கி விற்கும் சிறுவர்களுக்கு அது மலை போன்ற தொகை.

அவர்கள் செய்யும் முயற்சிகள் வேடிக்கையானவை. தெரு நாயைப் பெரும் விலைக்கு விற்கப் பார்க்கின்றனர். புத்தாடை பெறுவதற்காக வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பானிபூரி வாங்கிக் கொடுக்கின்றனர். இக்காட்சிகளில் சிரிப்பு பொங்கி வருகிறது. ஆனால், படம் அச்சிறுவர்களை ஏளனம் செய்யவில்லை. அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறது. இதுவே இப்படத்தின் பெருமை.

பணமும் புத்தாடையும் இருந்தும் கடை வாசலிலேயே பெரிய காக்கா முட்டைக்கு அறை விழுகிறது. அப்போது ஓர் உண்மை விளங்குகிறது. சிறுவர்கள் தேடியது வெறும் உணவை அன்று. எல்லாரையும் போல உள்ளே செல்லும் உரிமையை.

“உடலுக்கு நல்லதல்லாத உணவுக்கு இத்தனை ஆசை வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்குப் படமே விடை தருகிறது. இறுதியில் கடைக்காரரே அவர்களை வரவேற்றுப் பீட்சா தருகிறார். பாட்டி தோசை மாவில் செய்து தந்ததே இதைவிடச் சுவை என்று சிறுவர்கள் முடிவு செய்கின்றனர். வேண்டாம் என்று அவர்களே சொல்வது வேறு. உனக்கு வேண்டாம் என்று பிறர் சொல்வது வேறு.

இக்கதை சென்னைக்கு மட்டும் உரியதன்று. பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் வட்டாரத்தில் பைராம் தோட்டம் உள்ளது. அங்கு வளரும் ஒரு மாணவி, “நான் கப்பல்களை வடிவமைக்கும் பொறியாளர் ஆவேன்” என்று கூறினால், கேட்பவர் என்ன செய்வார்? “உனக்கு ஏன் இந்த வேலை?” என்று சிரிப்பவர், கை ஓங்காமலே கதவை அடைக்கிறார். படத்தில் வரும் பழரசம் என்ற இரயில்வே தொழிலாளியோ வேறு வகை. சிறுவர்களின் ஆசையைக் கேலி செய்யாமல், கரி கிடைக்க வழிகாட்டுகிறார். மாணவிக்குத் தேவைப்படுவதும் அத்தகைய ஒருவரே. “கப்பல் எப்படி மிதக்கிறது, தெரியுமா?” என்று கேட்டு ஒரு நூலைக் கையில் கொடுப்பவர், கனவுக்குப் பாதி வழி அமைத்துவிடுகிறார்.

எல்லாக் கனவும் நிறைவேறும் என்று கூற முடியாது. நிறைவேறிய கனவும் எதிர்பார்த்த சுவையைத் தராமல் போகலாம். ஆயினும், முயன்று பார்க்கும் வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். ‘காக்கா முட்டை’யைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கலாம். அடுத்த நாள் வகுப்பில் நண்பன் தன் விசித்திரமான ஆசையைச் சொல்லும்போது, அவனைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் படத்தை உண்மையிலேயே ரசித்ததாகப் பொருள்.