வெயில் ஊரில் ஒரு பனி உத்தியோகம்

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் ஹைதராபாத்துக்கு வெளிநாட்டு வேலை என்பது புதிய கனவல்ல. சார்மினாரைச் சுற்றிய சந்துகளில் ரியாத்திலும் துபாயிலும் சம்பாதித்துக் கட்டிய மாடி வீடுகளைப் பார்க்கலாம். அமீர்பேட்டையில் எந்த மாடிப்படி ஏறினாலும் அது ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் போய் முடியும். ஒஸ்மான் சாகர் ஏரியை ஒட்டியுள்ள சில்கூர் பாலாஜிக்கு மக்கள் வைத்திருக்கும் செல்லப் பெயரே ‘விசா பாலாஜி’. வேண்டிக்கொள்ள 11 சுற்று. காரியம் கைகூடினால் 108 சுற்று. உண்டியல் கிடையாது. கடவுளும் பக்தரும் நேரடியாகப் பேசி முடித்துக்கொள்ளும் இடம்.

அங்கே சுற்றி வரும் இளைஞர் ஒருவர், பனிச்சறுக்கு ஆசிரியர் வேலைக்கு விசா வேண்டும் என்று கேட்டால் பாலாஜியே ஒரு கணம் திகைத்துப் போவார். சாஃப்ட்வேரும் நர்ஸ் வேலையும் பழகிப்போன சாமி. ஆனால் கேட்கக் கூடாத வரமல்ல அது. ஆல்ப்ஸ் மலையில், ஜப்பானில், ஆஸ்திரேலியாவில், ஏன், பாலைவனத்தின் நடுவிலும்கூட ஸ்கீ கட்டிக்கொண்டு சறுக்கக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராகச் சேர ஒரு ஹைதராபாத்காரருக்கு எது குறுக்கே நிற்கிறது?

வெயில் என்று சட்டென்று சொல்லிவிடலாம். நகரத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் பனியைத் தொட்டது ஹுசேன் சாகர் பக்கம் 2004இல் திறக்கப்பட்ட ‘ஸ்னோ வேர்ல்ட்’ கட்டடத்துக்குள்தான். மைனஸ் 5 டிகிரி. நுழையும்போதே கோட்டும் கையுறையும் மாட்டிவிடுவார்கள். பனிக்குப் பேச்சு வழக்கில் தனிச் சொல்கூட இங்கே தேவைப்பட்டதில்லை. தெலுங்கில் பனித்துளி, மூடுபனி, இமயத்துப் பனி எல்லாமே ‘மஞ்சு’தான். தமிழிலும் அதே கதை. முன்பனி, பின்பனி என்று வருஷத்தில் நாலு மாதத்தைப் பனிக்கு எழுதிவைத்த தமிழர்கள் மனதில் வைத்திருந்தது புல் நுனியில் நிற்கும் துளியைத்தான். முழங்கால் புதையும் வெள்ளையை அல்ல.

ஆனால் வெயில் தடையல்ல என்பதற்கு அதே மாநிலத்தில் சாட்சி இருக்கிறது. நிஜாமாபாத் மாவட்டத்து ஆதிவாசிச் சிறுமி மாலாவத் பூர்ணா, சமூகநலத் துறையின் உறைவிடப் பள்ளி மாணவி. பாறை ஏறக் கற்றது ஹைதராபாத்துக்குப் பக்கத்தில், போன்கிர் கோட்டைக் குன்றில். அங்கிருந்து டார்ஜிலிங், லடாக். 2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது அவருக்கு 14 வயது நிறையவில்லை. தெற்கத்தியர் ஸ்கீயிலும் சளைத்தவர்கள் அல்ல. காவிரி பிறக்கும் குடகிலிருந்து போன பவானி, 2024இல் சிலி நாட்டில் நடந்த சர்வதேசப் போட்டியில் சமவெளி ஸ்கீ ஓட்டத்தில் வெண்கலம் வாங்கினார்.

கற்றுக்கொள்ள இந்தியாவிலேயே இடம் உண்டு. காஷ்மீரின் குல்மார்கில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் 1927இலேயே ஸ்கீ கிளப் தொடங்கிவிட்டார்கள். மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையம் அங்கே 1968 முதல் இருக்கிறது. ஆரம்பம், இடைநிலை, மேல்நிலை என்று படிப்படியாக இரண்டு வாரப் பயிற்சிகள். உத்தராகண்டின் அவுலியிலும் பயிற்சி உண்டு. ஹைதராபாத்திலிருந்து கிளம்பும் ஒருவர் மூன்று குளிர்காலங்களை இப்படிச் செலவிட்டால் நன்றாகவே சறுக்குவார். ஸ்கீயும் காலணியும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ரயில், விமானக் கட்டணம், லீவு இவைதான் பெரிய செலவு. பனியும் சொன்னபடி விழ வேண்டும். 2025 பிப்ரவரியில் குல்மார்கில் நடக்க வேண்டிய ‘கேலோ இந்தியா’ குளிர்கால விளையாட்டுகளே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நன்றாகச் சறுக்குவது ஒரு வித்தை. சறுக்கக் கற்றுக்கொடுப்பது இன்னொரு வித்தை. கற்றுக்கொடுக்கத் தெரியும் என்று வெளிநாட்டுப் பள்ளி ஒப்புக்கொள்ளும் தாள் மூன்றாவது வித்தை. குல்மார்க் சான்றிதழை மட்டும் நீட்டினால் ஆல்ப்ஸில் கதவு திறக்காது. அங்கே ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆசிரியர் சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஓர் ஏணி. இந்தச் சங்கங்கள் சேர்ந்த உலகக் கூட்டமைப்பு ஒன்றும் உண்டு. ஐ.எஸ்.ஐ.ஏ. என்று பெயர். அதன் முத்திரை விழுந்த அட்டைக்குத்தான் எல்லை தாண்டி மதிப்பு.

பிரிட்டிஷ் சங்கமான ‘பாஸி’யை எடுத்துக்கொள்வோம். நாலு படி. முதல் படிக்கு ஐந்து நாள் பயிற்சி. கூடவே ஒரு ஸ்கீ பள்ளியில் அனுபவசாலி ஆசிரியரின் பின்னால் நின்று 35 மணி நேரம் பார்த்துப் பழக வேண்டும். முதலுதவிச் சான்று, குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சி, போலீஸ் பதிவு எதுவும் இல்லை என்ற சான்று ஆகியவையும் தேவை. இதை முடித்தவர் உள்ளரங்கப் பனியிலும் செயற்கைச் சரிவுகளிலும் சொல்லிக்கொடுக்கலாம். நிஜ மலைக்குப் போக இரண்டாம் படி. உலக முத்திரை மூன்றாம் படியில்தான். நாலாவது படியை எட்டுவதற்குள் பலருக்கு முழங்கால் தேய்ந்துவிடும். பிரான்ஸ் இதிலும் ஒரு படி மேல். ஆசிரியராகும் ஆசையுள்ளவரைக் கொடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடவிட்டு, கடிகாரம் வைத்து நேரம் பார்ப்பார்கள். குறித்த நேரத்துக்குள் வராதவர் எத்தனை நல்ல வாத்தியாராக இருந்தாலும் வீட்டுக்குப் போகலாம்.

முதல் இரண்டு படிகளில் வேகம் ஒரு பொருட்டே அல்ல. தேர்வாளர் பார்ப்பது மெதுவாகச் சறுக்கத் தெரியுமா என்பதை. ஸ்கீ முனைகள் இரண்டையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, தலைகீழ் ‘வி’ போல வைத்து வேகத்தை அடக்கும் உத்திதான் ஆரம்பப் பாடம். தடதடவென்று இறங்கிப் பழகியவர்களுக்கு இதை நிதானமாக, தப்பில்லாமல் செய்து காட்டுவதே பெரும்பாடு. பிறகு காலணி மாட்டுவது, ஒற்றை ஸ்கீயில் நடப்பது, விழுவது, விழுந்தால் எழுவது. ஐந்து வயதுக் குழந்தை அழாமல் இதையெல்லாம் செய்ய வேண்டும். ஆசிரியர் அதன் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே சறுக்கிப் போக வேண்டும். ஒலிம்பிக்கில் ஓடும் கால்களுக்கும் இந்தக் கால்களுக்கும் சம்பந்தமில்லை. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியா அனுப்பிய ஒரே வீரர், குல்மார்கில் ஸ்கீ கடை வைத்திருந்தவரின் மகன் ஆரிஃப் கான். ராட்சத ஸ்லாலம் பந்தயத்தில் 45ஆவதாக வந்தார். அது வேறு சாதனை. பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கு வேண்டியது பொறுமை.

பொறுமையும் வந்து, முதல் தாளும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி இரண்டாவது தாள். பாஸ்போர்ட்.

இந்தத் தொழில் பருவத் தொழில். வட பாதியில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, தென் பாதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஒரு பருவத்துக்கு மட்டும், அதுவும் முதல் படிக்காரருக்கு, எந்த ஸ்கீ பள்ளியும் லட்சக்கணக்கில் செலவழித்து விசா வாங்கித் தராது. அதனால் உலகெங்கும் புதிய ஆசிரியர்கள் நம்பியிருப்பது ‘வேலையும் விடுமுறையும்’ என்ற இளைஞர் விசாவை. லண்டன் பையன் அதைப் பையில் போட்டுக்கொண்டு நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் போய்வருகிறான். இந்தியப் பையனுக்குக் கனடாவின் அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. ஜப்பானில் விளையாட்டுப் பயிற்சியாளருக்கான விசாவுக்கு வழக்கமாக மூன்று வருஷ அனுபவம் கேட்கிறார்கள். வேலை கிடைத்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை. (ஆங்கிலேயர்களுக்கும் இந்த வலி தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதால், 2021 முதல் ஆல்ப்ஸில் வேலை செய்ய அவர்களும் அனுமதிக்கு வரிசையில் நிற்கிறார்கள்.)

சமீபத்தில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று ஆஸ்திரேலியா. 2024 செப்டம்பர் முதல் இந்தியர்களுக்கும் ‘வேலையும் விடுமுறையும்’ விசா உண்டு. 18 முதல் 30 வயது, பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷப் படிப்பு, ஓரளவு ஆங்கிலம். ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஸ்கீ பருவம் நாலு மாதம்தான் என்பதால் இந்த விதி உறுத்தாது. உறுத்துவது எண்ணிக்கை. வருஷத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறை. முதல் குலுக்கலுக்கே 40,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். 108 சுற்று இங்கேதான் உபயோகப்படும்.

இரண்டாவது பிரிட்டன். 2023இல் தொடங்கிய இளம் தொழில்வல்லுநர் திட்டத்தில் வருஷத்துக்கு 3,000 இந்தியர்களுக்கு இடம். பட்டப்படிப்பும் வங்கியில் 2,530 பவுண்டு இருப்பும் வேண்டும். இரண்டு வருஷம் தங்கலாம். இதுவும் குலுக்கல்தான். பிரிட்டனில் மலைப் பனி குறைவு என்றாலும் மில்டன் கீன்ஸ், மான்செஸ்டர் போன்ற ஊர்களில் கூரைக்குக் கீழ் வருஷம் முழுவதும் பனி. பாஸி முதல் படியை அங்கேயே எழுதலாம், அங்கேயே வேலையும் தேடலாம். கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று கை தட்டுவதற்குள் விசா விதிகளில் ஒரு வரி கண்ணில் படுகிறது: தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ வேலை செய்யக் கூடாது. அழுகிற குழந்தைக்கு ஸ்கீ மாட்டிவிடுகிறவர் ‘தொழில்முறைப் பயிற்சியாளரா’? ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று வாதாடுவது தமிழ்ப் பண்டிதர்களின் தனிச் சொத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். விமான டிக்கெட் வாங்குமுன் வேலை தருகிறவரிடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுவது நல்லது.

மிச்சமிருப்பது ஹைதராபாத்துக்கு ஐம்பது வருஷமாகத் தெரிந்த வழி. நாலு மணி நேரத்துக்குள் போய் இறங்கக்கூடிய துபாய். அங்கே ஒரு வணிக வளாகத்துக்குள் 2005இல் திறந்த ‘ஸ்கீ துபாய்’ இருக்கிறது. 85 மீட்டர் உயரச் செயற்கை மலை, 400 மீட்டர் நீளச் சரிவு, உள்ளே மைனஸ் ஒன்றிரண்டு டிகிரி. பருவம் என்ற தொல்லை கிடையாது, ஜூலையிலும் பனி. வளைகுடா வேலைக்குக் குலுக்கலோ வயது வரம்புள்ள இளைஞர் விசாவோ இல்லை. முதலாளி ஒப்புக்கொண்டால் அவரே விசா எடுக்கிறார். கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போனவர்கள் நடந்த அதே பாதை. தாள் விஷயத்தில் இந்தியருக்கு உலகத்திலேயே சுலபமான ஸ்கீ சரிவு பாலைவனத்தில்தான் இருக்கிறது. அங்கேயும் ஏணியின் முதல் படியாவது ஏறியிருந்தால்தான் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் எடுபடும். ஐரோப்பாவிலோ பிரிட்டனிலோ சுற்றுலா விசாவில் போய்ப் பயிற்சி முடித்துத் திரும்பும் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அது ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் விலைக்குக் குறையாது.

ஏஜென்டுகள் விஷயத்தில் ஹைதராபாத் பட்ட அடிகள் ஏராளம். ஸ்கீ வேலை என்று சொல்லி அழைத்துப் போய் வாசலில் கோட்டு மடிக்கவிட்டால் கேட்பாரில்லை. ஆள் சேர்க்கும் ஏஜென்டு வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்பதை ‘இ-மைக்ரேட்’ தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு தேறியவருக்குக் குடியேற்றச் சோதனை தேவையில்லை என்பது வசதிதான். அதன் மறுபக்கம், அவருடைய ஒப்பந்தத்தை அரசு அதிகாரி யாரும் படித்துப் பார்ப்பதில்லை. பதவியின் பெயர், வகுப்பு எடுத்த நேரத்துக்கு மட்டும் கூலியா அல்லது மாதச் சம்பளமா, முழங்கால் தசைநார் அறுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்ற மூன்றையும் அவரேதான் தேடிப் படிக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் எழுத ஹைதராபாத்காரரிடம் ஒன்று கூடுதலாக உண்டு. துபாயில் பனி பார்க்க வரும் குடும்பங்களில் இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் நிறைய. தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம் நாலிலும் “முழங்காலை மடக்கு, பயப்படாதே” என்று சொல்லத் தெரிந்த ஆசிரியர் ஆல்ப்ஸ் மலையில் பிறந்தவர்களில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.