முதன் மந்திரிக்கு யார் வோட்டுப் போட்டது?

சைதாப்பேட்டையில் நாம் பாடம் சொல்லும் வகுப்பில், சென்ற வாரம் ஒரு பையன் எழுந்து நின்றான். "ஸார், அமெரிக்காவில் ஜனாதிபதிக்கு ஜனங்கள் வோட்டுப் போடுகிறார்களே, நம் ஊரில் முதன் மந்திரிக்கு யார் வோட்டுப் போட்டது?" என்று கேட்டான். மற்றப் பையன்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. படித்த பெரியவர்களிலும் பலர் இக்கேள்விக்கு நேரான விடை சொல்லத் திணறுவதை நாம் அறிவோம்.

விடை தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. 1967-ஆம் வருஷத்துத் தேர்தலில் அறிஞர் அண்ணாதுரை தென் சென்னைத் தொகுதியிலிருந்து டில்லிப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சென்னைச் சட்டசபையில் அவருடைய கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்கவே, டில்லி ஸ்தானத்தை விட்டுவிட்டு இங்கே முதன் மந்திரியானார். மேல்சபை அங்கத்தினரும் ஆனார். 1969 பிப்ரவரி 3-ந் தேதி அவர் காலமானார். ஒரு வார காலம் நெடுஞ்செழியன் தற்காலிகமாகப் பொறுப்பு வகித்தார். பிறகு, கட்சியின் சட்டசபை அங்கத்தினர்கள் கூடி மு. கருணாநிதியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 1967-ல் நமது சைதாப்பேட்டை அனுப்பி வைத்த அங்கத்தினர்! ஓர் அங்கத்தினருக்கென்று இவ்வூரார் போட்ட வோட்டு, இரண்டே வருஷத்தில் முதன் மந்திரியாக விளைந்துவிட்டது. இதற்கென்று மறு தேர்தல் நடக்கவில்லை. நடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அமெரிக்காவில் 1963-ல் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது, உபஜனாதிபதி ஜான்ஸன் அன்றே பதவி ஏற்றார். அந்நாட்டுச் சட்டசபையின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அங்கே ஜனாதிபதியின் அதிகாரம் சபையிலிருந்து பிறப்பதன்று. பெருங்குற்றம் சாட்டி விசாரித்து விலக்கினாலன்றி, நாலு வருஷத் தவணை முழுவதும் அவர் இருப்பார். நம் மந்திரி சபையோ சட்டசபையின் நம்பிக்கை உள்ளவரையில்தான் உயிர் வாழும்.

எது மேல்? 1948 நவம்பர் 4-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் இதைத் துலாக்கோலில் வைத்து நிறுத்தார். அமெரிக்க முறையில் ஸ்திரத் தன்மை அதிகம். பிரிட்டிஷ் முறையில் பொறுப்பு அதிகம். அங்கே தவணைக்கு ஒரு முறை கணக்குப் பார்க்கிறார்கள், இங்கே தவணை முடிவில் மட்டுமன்றித் தினந்தோறும் பார்க்கலாம் என்பது அவர் கருத்து. நமது சாசனம் பொறுப்பையே தேர்ந்துகொண்டது.

அதற்கு விலையும் உண்டு. 1999 ஏப்ரல் 17-ந் தேதி வாஜ்பாய் மந்திரி சபை 269-க்கு 270 என்று ஒரே வோட்டில் கவிழ்ந்தது. "உறுதியாக ஒருவர் இருந்து ஆள வேண்டாமா?" என்று அலுத்துக்கொள்வோர் உண்டு. அலுப்பு நியாயந்தான். ஆனால் இலங்கையைச் சற்றுப் பாருங்கள். 1978-ல் அந்நாடு அதிகாரம் மிகுந்த ஜனாதிபதி முறைக்கு மாறியது. 2022-ல் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்று சலித்த ஜனங்கள், மாதக் கணக்கில் வீதியில் நின்று போகச் சொல்லியும் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச போகவில்லை. அவரைச் சட்டப்படி விலக்கச் சுப்ரீம் கோர்ட்டு விசாரணையும், சபையில் மூன்றில் இரு பங்கு வோட்டும் வேண்டும். ஜூலை மாதம் ஜனங்கள் மாளிகைக்குள்ளேயே புகுந்த பிறகுதான் அவர் நாட்டை விட்டு வெளியேறி ராஜிநாமாவை அனுப்பினார்.

நம் முறையிலும் குறை இல்லாமலில்லை. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சியின் கட்டளையை மீறி வோட்டளிக்கும் அங்கத்தினர் தம் ஸ்தானத்தை இழக்க நேரும். அங்கத்தினர்களை விலை பேசும் வியாபாரத்தைத் தடுக்கவே அது வந்தது. ஆயினும், மனச்சாட்சிப்படி வோட்டளிக்க நினைப்பவரையும் அதே சட்டம் கட்டிப் போடுகிறது. தினக் கணக்குப் பார்க்க வேண்டியவர் கையைக் கட்டிவிட்டால், அந்த வேலை நம் தலையில்தான் விழும்.

"உன் தாய் தந்தையர்தாம் போட்டார்கள், ஆனால் நேராக அல்ல, ஓர் அங்கத்தினர் வழியாக" என்று பையனுக்கு விடை சொன்னோம். "அந்த அங்கத்தினர் பெயர் என்ன?" என்றும் திருப்பிக் கேட்டோம். வகுப்பில் சத்தமே இல்லை. வீட்டில் கேட்டு வரச் சொன்னோம். மறுநாள் பாதிப் பேர் வெறுங்கையோடு வந்தார்கள்.

நேயர்களும் இன்று இரவு சாப்பாட்டு வேளையில் தங்கள் வீட்டில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.