விலக்கு யாருக்கு?

பள்ளியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கே என்று மேடைதோறும் முழங்குகிறோம். லால்குடியில் சைக்கிள் கடையில் கூலிக்கு நிற்கும் ஓர் அத்தாவுக்கும் அவ்வுரிமை உண்டா?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்தோர்க்கு ஒதுக்கி, கட்டணத்தை அரசு ஈடுசெய்யப் பணித்தது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு 2014இல் உச்சநீதிமன்றம் விலக்களித்தது. நம் நிறுவனங்களின் தனித்தன்மையைக் காக்க வந்த விலக்கு. அதில் எமக்குப் பிணக்கில்லை. ஆனால் நம்மவர் பள்ளி வாசலில் நின்ற அந்த அத்தாவை, அதே விலக்கைக் காட்டியல்லவா திருப்பியனுப்பினர்! பிறர் நடத்தும் பள்ளியில்தான் குலுக்கலில் அவர் மகளுக்கு இடம் கிடைத்தது.

ஏழை முஸ்லிம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லித்தானே வளைகுடா வரை நன்கொடை திரட்டினோம்? 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஐயுற்று, 2025இல் உச்சநீதிமன்றமே பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. நீதிபதிகள் கேட்குமுன் நாமே கேட்கிறோம்: கட்டணமின்றி எத்தனை பிள்ளைகளைச் சேர்த்தீர்கள்? நிர்வாகிகள் ஆண்டறிக்கையில் அச்சிடட்டும்.