வைப்பர் மோட்டாரை வீணாக்காதீர்கள்!

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேசைமேல் ஒரு பாட்டரி, ஒரு மோட்டார், ஒரு டைனமோ, இடையே ஒரு பெல்ட். "பாட்டரி மோட்டாரைச் சுற்றும், மோட்டார் டைனமோவைச் சுற்றும், டைனமோ பாட்டரியை மீண்டும் நிரப்பும். செலவே இல்லாத மின்சாரம்!" என்று ஒரு மாணவர் விளக்கிக்கொண்டிருப்பார். அந்த மோட்டார், பல நேரம், ஏதோ ஒரு பழைய காரின் கண்ணாடியைத் துடைத்து ஓய்ந்த வைப்பர் மோட்டார்.

இந்தக் காட்சிப் பொருளை இனி நாம் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. ஆற்றல் அழியாது, ஆக்கவும் முடியாது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு, மேசையில் அதற்கு நேர்மாறாகக் காட்டுவது என்ன நியாயம்? ஆனால் அந்த மோட்டாரின்மேல் எனக்குக் கோபமில்லை. பழைய இரும்புக் கடையில் அதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது.

காரின் கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி 1903-ல் காப்புரிமை பெற்றார். அன்று அதை இயக்கியது மோட்டார் அல்ல. வண்டிக்குள் இருந்து கையால் அசைக்கும் ஒரு நெம்புகோல். இன்று அந்தக் கையின் வேலையைச் செய்வது 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும் மோட்டார். (லாரி, பஸ்களில் உள்ளவை பெரும்பாலும் 24 வோல்ட். வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.) சென்னையில் உள்ளவர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது, மற்ற ஊர்களில் கார் மெக்கானிக்கிடம் கேட்டால் வழி சொல்வார்.

மூடியைக் கழற்றிப் பாருங்கள். வேகமாகச் சுற்றும் ஆர்மெச்சூரின் தண்டு நுனியில் திருகு போன்ற மரை இருக்கும். அது ஒரு பெரிய பற்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். பட்டறைக்காரர்கள் இதை வார்ம் கியர் என்பார்கள். மரை ஒரு புரி உடையதாக இருந்தால், அது ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். வேகம் குறையும், முறுக்கு விசை பெருகும். அதனால்தான் நிமிடத்துக்கு ஏறத்தாழ 45 சுற்றுதான் வெளியே வருகிறது. ஆனால் அந்த அச்சைக் கையால் பிடித்து நிறுத்த உங்களால் முடியாது. முயன்றும் பார்க்காதீர்கள்!

இன்னொரு விந்தை: கார்பன் பிரஷ்கள் மூன்று இருக்கும். இரண்டு எதிரெதிரே, மூன்றாவது சற்றுத் தள்ளி. மூன்றாவதன் வழியாக மின்சாரம் கொடுத்தால் எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்கும் சுற்றுகள் குறைந்துவிடும். பாட்டரியின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க ஆர்மெச்சூர் இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். பலத்த மழைக்கான இரண்டாவது வேகம் இப்படித்தான் கிடைக்கிறது.

இனி, செலவில்லாத மின்சாரத்தைச் சோதித்துவிடுவோம். மோட்டாரை மேசை விளிம்பில் இறுகப் பொருத்துங்கள். அச்சில் 2 செ.மீ. ஆரமுள்ள உருளையை மாட்டி, கயிற்றில் வாளியும் தண்ணீருமாக 10 கிலோ தொங்கவிடுங்கள். 45 சுற்று வேகம் என்றால் வாளி நொடிக்கு 9.4 செ.மீ. உயரும். 98 நியூட்டன் எடை; ஆகவே கிடைக்கும் திறன் சுமார் 9.2 வாட். அம்மீட்டர் 3 ஆம்பியர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் கொடுத்தது 36 வாட்! கொடுத்ததில் கால் பங்குதான் வேலையாக வந்திருக்கிறது. மீதி பெரும்பாலும் வெப்பமாகிவிட்டது. டைனமோ வேறு தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். பாட்டரி எங்கே நிரம்பும்? உங்கள் மோட்டாரின் எண்கள் மாறலாம், அளந்து எழுதுங்கள். பரிசு கொடுப்பவர்கள் அந்த அளவைக் குறிப்பேட்டுக்குக் கொடுக்கட்டும்.

வாளி பாதியில் இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்துங்கள். சாதாரணமாக அது இறங்காது, அப்படியே நிற்கும். திருகுக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே உராய்வு அவ்வளவு மிகுதி. மின்சாரம் 'தயாரிக்க' இதைப்போல் பொருந்தாத மோட்டார் வேறில்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. ஆனாலும் வாளிக்கு அடியில் காலை வைக்காதீர்கள். பல மோட்டார்களில் அந்தப் பெரிய சக்கரம் பிளாஸ்டிக்கால் ஆனது, உடையக்கூடும்.

மெதுவாக, வலுவாக, நெடுநேரம் சுற்ற வேண்டிய வேலையே இதற்கு ஏற்றது. மணல் சலிக்கும் சல்லடையை முன்னும் பின்னும் ஆட்டலாம். காரில் இருந்த நெம்புகோல்களே அதற்கு உதவும். களிமண் பொம்மையை வைத்து வர்ணம் தீட்டும் சுழல் மேசை செய்யலாம். விலை கொடுத்து வாங்கும் பெட்டிகளில் எல்லாத் துளையும் முன்பே போட்டிருக்கும், எல்லா அளவும் அச்சிட்டிருக்கும். நீங்கள் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமிராது. அதனால்தான் எனக்கு அவற்றின்மேல் அவ்வளவு மதிப்பில்லை.

வீட்டு மின்சாரத்தில் இதை நேராக இணைக்கவே கூடாது. 12 வோல்ட் பாட்டரி போதும். வழியில் ஒரு ப்யூசும், தொடராக 55 வாட் கார் முகப்பு விளக்கும் இருக்கட்டும். மோட்டார் எங்காவது சிக்கி நின்றால் விளக்கு பளிச்சென்று எரியும். மின்னோட்டம் 5 ஆம்பியரைத் தாண்டாது. வேகம் சற்றுக் குறையும், பரவாயில்லை. பல மோட்டார்களில் இரும்புக் கூடே ஒரு மின்முனை என்பதால், மரப்பலகையில் பொருத்துவது நல்லது.

நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது கம்பிச்சுருள் சுற்றும் பொறி. மின்காந்தத்துக்கு 1,000 சுற்றுகளைக் கையால் சுற்றியவர்களுக்கு நடுவில் எண்ணிக்கை மறந்துபோகும் வேதனை தெரியும். இந்த மோட்டார் அதை 22 நிமிடத்தில் முடித்துவிடும். எண்ணுவதற்கு ஒரு பழைய கால்குலேட்டர் போதும். அதன் சமக்குறிப் பொத்தானின் இரு முனைகளுக்குக் கம்பி பற்றவைத்து, காந்தத்தால் இயங்கும் ரீட் ஸ்விட்சுடன் இணையுங்கள். சுழலும் அச்சில் சிறு காந்தம் ஒன்றை ஒட்டுங்கள். ஒன்று, கூட்டல், ஒன்று என அழுத்திவிட்டு மோட்டாரை ஓடவிட்டால், பெரும்பாலான கால்குலேட்டர்கள் சுற்றுக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போகும். தொடக்கத்தில் முதல் பத்துச் சுற்றுகளை நீங்களும் எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள்.