பிரயாணச் சீட்டும் தாயின் முழங்காலும்

சென்ற மாதம் எமது பழைய மாணாக்கர் ஒருவர் கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து எமக்கு எழுதியிருந்தார். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கும் தம் அன்னையாரை முதன்முறையாகத் தம்மிடம் அழைத்துக்கொள்ளப் போகிறாராம். விசாவும் கிடைத்துவிட்டது. ‘எந்த விமானம், எந்த வகுப்பு என்பதில் மனம் இரண்டுபட்டு நிற்கிறது, தாங்கள் ஒரு வார்த்தை கூறவேண்டும்’ என்பது அவரது வேண்டுகோள். இலக்கணம் கற்பித்தவரிடமே ஆகாய மார்க்கத்துக்கும் வழி கேட்கலாம் என்னும் நம்பிக்கை எம்மூரில் இன்னும் அழியவில்லை!

அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மிக மலிவானது. வெவ்வேறாக வாங்கிய மூன்று சீட்டுகள், இரண்டு இடங்களில் விமான மாற்றம், அவற்றுள் ஓரிடத்தில் பதினொரு மணி நேரக் காத்திருப்பு. மற்றது, கடன்பட்டாயினும் அன்னையாரை உயர்வகுப்பில் அழைத்துக்கொள்வது. ‘ஆயுள் முழுதும் மூன்றாம் வகுப்பிலேயே போன அம்மா ஒரு முறையேனும் நிம்மதியாகப் படுத்து வரட்டுமே’ என்று எழுதியிருந்தார். அவ்வரியை வாசித்தபோது எம் கண் கலங்கியதை மறைப்பானேன்?

வகுப்பு என்னும் சொல் மலைநாட்டாருக்குப் புதிதன்று. கோச்சியில் மூன்று வகுப்புகள் உண்டென்பதும், அவற்றுள் நம்முடையது எதுவென்பதும் தோட்டத்துக் குழந்தையும் அறிந்ததே. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னர், கோச்சியேறித் தலைமன்னாருக்கும், கப்பலேறி இராமேஸ்வரத்துக்குமாக இலட்சக்கணக்கானோர் அனுப்பப்பட்டனர். இவ்வம்மையாரின் தமையனார் குடும்பமும் 1970களில் அவ்வாறே போயிற்று. போகும் நாளையோ, போய்ச் சேரும் ஊரையோ தெரிந்தெடுக்கும் நிலை அவர்களுக்கு இருக்கவில்லை. அத்தகைய குடும்பத்தில் இன்று ‘எந்த வகுப்பு?’ என்னும் கேள்வி எழுவதே பெரிய மாறுதலன்றோ? ஆதலின், விசாரித்தறிந்து விடை கூறுதல் எமது கடமையாயிற்று.

விமான வகுப்புகளின் வரலாறு சுவையானது. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்களில், சாதாரண மக்களையும் ஏற்றும் பொருட்டு 1952இல் மலிவான ‘சுற்றுலா வகுப்பு’ ஏற்பட்டது. 1958இல் அதனினும் மலிவான ‘எகொனமி’ வகுப்புப் பிறந்தது. 1970களின் இறுதியில் ‘பிஸ்னஸ்’ வகுப்பும், 1990களின் தொடக்கத்தில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ‘பிரீமியம் எகொனமி’யும் வந்தன. எகொனமியில் ஓர் ஆசனத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 31 அங்குலம். நடுவகுப்பில் 38 அங்குலம். பிஸ்னஸ் வகுப்பில் பெரும்பாலும் படுக்கையே. கட்டணமோ நடுவகுப்பில் ஒன்றரை முதல் இரண்டு மடங்காகவும், பிஸ்னஸில் மூன்று, நான்கு மடங்காகவும் ஏறுவது வழக்கம். கூடுதலாகக் கிடைக்கும் ஏழு அங்குலத்துக்கு இவ்வளவு விலையா என்று மலைக்கத் தோன்றும்.

நிற்க, வகுப்பை ஆராயுமுன் வழியை ஆராய்தல் வேண்டும். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேர் விமானம் இல்லை. வளைகுடா வழியே டோஹாவிலோ, டுபாயிலோ, அபுதாபியிலோ மாறுவதாயின் முதற் பறப்பு ஏறக்குறைய 5 மணி நேரம். அடுத்தது 14 மணி நேரம். ஸ்ரீலங்கன் விமானத்தில் இலண்டன் சென்று மாறுவதாயின் 11 மணி நேரமும் 8 மணி நேரமுமாகப் பாதை பிரிகிறது. மொத்தம் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் முழங்கால் நோவுடையார்க்கு 14 மணி நேரம் ஒரே மூச்சாக உட்காருவது வேறு, இடையில் இறங்கிக் காலாறுவது வேறு. இலண்டனில் மாறும் இலங்கையர்க்கு இடைத்தங்கல் விசா வேண்டும். செல்லுபடியாகும் கனேடிய விசா உடையோர்க்குப் பொதுவாக விலக்குண்டு. எனினும் சீட்டு வாங்குமுன் அதனை உறுதிசெய்தல் நன்று.

அடுத்தது, சீட்டு முழுவதும் ஒன்றாக இருத்தல். ஒரே சீட்டில் செல்பவர் முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்புக் கம்பனியைச் சாரும். பெட்டிகளும் பொதுவாக நேரே போய்ச் சேரும். தனித்தனிச் சீட்டுகளாயின் அப்பொறுப்பை ஏற்பார் இல்லை. ஆங்கிலம் அறியாத மூதாட்டியொருவர் அந்நிய விமான நிலையத்தில் தனித்து நிற்பதை எண்ணிப் பார்த்தால், மலிவுச் சீட்டின் உண்மை விலை விளங்கும்.

இனி உடல்நலம். நீண்ட பிரயாணத்தில் காலில் இரத்தம் உறையும் அபாயத்தை ‘எகொனமி வகுப்பு நோய்’ என்று உலகம் பெயரிட்டது. பெயர் பொருத்தமன்று. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்திருப்பவர் எவ்வகுப்பினராயினும், ஏன், பஸ்ஸில் போகிறவராயினும், அவ்வபாயம் அவருக்கும் உண்டு. இடையிடையே எழுந்து நடப்பதும், கணுக்காலை அசைப்பதுமே காப்பு. முன்பே நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுச் செல்லல் வேண்டும்.

சக்கர நாற்காலி உதவி எவ்வகுப்பினர்க்கும் கட்டணமின்றிக் கிடைப்பது. ஏறுமிடத்திலும், மாறுமிடத்திலும், இறங்குமிடத்திலும் ஊழியர் ஒருவர் வந்து அழைத்துச் செல்வார். சீட்டு வாங்கும்போதே, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னரேனும், அறிவித்தல் நலம். ஆனால் இவ்வுதவி பெறுவோர்க்கு அவசர வாயிலருகேயுள்ள கால்நீட்டும் ஆசனம் தரப்படமாட்டாது. உணவிலும் ஒரு பொறி உண்டு. ‘இந்து உணவு’ என்னும் பெயரைக் கண்டு மயங்கலாகாது; அது மாட்டிறைச்சி நீக்கிய புலாலுணவு. சைவ உணவு வேண்டுவோர் ‘ஏசியன் வெஜிட்டேரியன்’ என்றே குறிப்பிடவேண்டும்.

இவ்வளவும் எழுதி முடித்த பின்னரே, பிரயாணம் செய்யப்போகிறவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எமக்கு உறைத்தது. அடுத்த ஞாயிறன்று அவருடைய லயத்துக்குச் சென்றோம். முப்பது ஆண்டுகள் மலைச்சரிவில் கொழுந்தெடுத்த கால்கள். படியிறங்கச் சுவரைப் பிடிக்கிறார். உயர்ந்த சீட்டின் விலையைக் கூறினோம். “அது எத்தனை நாட்பேர் சேர்?” என்று கேட்டார். மனக்கணக்கில் வல்லவராகிய நாம் அக்கணக்கைப் பாதியிலேயே விட்டுவிட்டோம்.

பின்னர் அவரே சொன்னார்: “எனக்குப் படுக்கையெல்லாம் வேணாம் சேர். ராத்திரியில எழும்பிப் போறதுக்குப் பக்கத்தில இருக்கிறவங்கள எழுப்பக் கூடாது. அதுக்குக் கூச்சப்பட்டே தண்ணி குடிக்காம இருந்திடுவேன். மாறுற எடத்தில தொலைஞ்சு போகக் கூடாது. அவ்வளவுதான்.”

நாம் பல நாள் விசாரித்தறிந்ததன் சாரம் முழுவதும் அதில் அடங்கியிருந்தது. நடைபாதையோர ஆசனம், ஒரே சீட்டு, ஒரே மாற்றம், சக்கர நாற்காலி. மகனுக்கு அவ்வாறே எழுதினோம். அவரும் இலண்டன் வழியே வாங்கிவிட்டார். அவரது ஆசையும் முற்றாக வீண்போகவில்லை. முதற் பறப்பில் நடுவகுப்பு இல்லை. அத்திலாந்திக்கைக் கடக்கும் எட்டு மணி நேரத்துக்கு மட்டும், கடனின்றித் தம் சேமிப்பிலிருந்து அவ்வகுப்பை எடுத்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து பெற்றோரை அழைக்கும் பிள்ளைகளுக்கு நாம் கூறுவது இதுவே: விலையைப் பார்க்குமுன்னும், பெருமையைப் பார்க்குமுன்னும், அவர்களைக் கேளுங்கள்.

விடைபெறும் வேளையில் அம்மையார், “போற வழியில இந்தியா வருமா சேர்?” என்று வினவினார். மேலாகப் பறந்து போகும், இறங்காது என்றோம். “அண்ணன் அங்கதான் எங்கேயோ…” என்று கூறிவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விட்டார். ஆசனம் முடிவாகிவிட்டது, சன்னலோரமன்று. எனினும் புறப்பட்ட முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும், பக்கத்தில் இருப்பவர் எவராயினும் இடம்மாறிக் கொடுக்க மனமிரங்குவாராக.